ஏஜென்ட்டுக்கு டூல் விளக்கம்: ஒன்றரை வருட அனுபவம்

ஜவுளி மொத்த வியாபாரி ஒருவருக்காக, வாட்ஸ்அப்பில் வரும் விசாரிப்புகளுக்குப் பதில் சொல்லும் ஏஜென்ட் (ஏஐ மாடலை வைத்துத் தானாக வேலை செய்யும் புரோகிராம்) ஒன்றை ஒன்றரை வருடமாகப் பராமரிக்கிறேன். ஸ்டாக் பார்ப்பது, ஆர்டர் தேடுவது, ஆர்டர் போடுவது, ரத்து செய்வது என்று நான்கு டூல்களோடு (வேலையை முடிக்க மாடல் அழைக்கும் செயல்பாடுகள்) ஆரம்பித்தது, இப்போது ஒன்பது. இடையில் இரண்டு முறை மாடலை மாற்றிப் பார்த்தேன். அதைவிட அதிகப் பலன் தந்தது, டூல்களுக்கு எழுதிய விளக்கங்களைத் திருத்தியது.

நாம் எழுதிய புரோகிராம் கோட் மாடலுக்குத் தெரியாது. டூலின் பெயர், விளக்கம், பராமீட்டர்களுக்கான (டூலுக்குத் தர வேண்டிய மதிப்புகள்) ஜேசன் ஸ்கீமா, அதாவது அவற்றின் வடிவத்தைச் சொல்லும் குறிப்பு, இவ்வளவையும் வைத்துத்தான் அது முடிவெடுக்கிறது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட, ஏஐ மாடல்களை டூல்களோடு இணைக்கும் பொது நெறிமுறையான எம்சிபியிலும் இதே ஏற்பாடுதான்.

ஆர்டர் போடும் டூலில் ‘குவாண்டிட்டி’ என்று ஒரு பராமீட்டர், பக்கத்தில் ‘ஆர்டர் அளவு’ என்று இரண்டே சொல். ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவர் “காடா 20 தான் வேணும்” என்று அனுப்பினார் (காடா என்பது வெளுக்காத பருத்தித் துணி). ஜவுளிக்காரர்களுக்கு ‘தான்’ என்றால் துணியின் முழுச் சுருள். மாடல் அதை ‘இருபது மட்டும்’ என்று எடுத்துக்கொண்டு 20 என்று போட்டுவிட்டது. எங்கள் சிஸ்டத்தில் கணக்கு மீட்டரில். குடோனில் இருக்கும் அண்ணன் துணியை வெட்டுவதற்கு முன் போன் செய்தார்: “தம்பி, இவரு எப்பவும் சுருள் கணக்குல வாங்குறவரு. இருபது மீட்டர்னு வந்திருக்கு, ஒரு தடவை பாருங்க.”

அன்றே பெயரை ‘குவாண்டிட்டி_மீட்டர்’ என்று மாற்றினேன். விளக்கத்தில் இப்படி எழுதினேன்: “மதிப்பு மீட்டரில். எண்ணுக்குப் பின் ‘தான்’ வந்தால் அது துணிச் சுருளாக இருக்கலாம். வாடிக்கையாளரிடம் கேட்டு உறுதிசெய். சுருள் என்றால் ஸ்டாக் டூலில் அந்த ரகத்தின் நீளத்தைப் பார்த்துப் பெருக்கு. அலகு சொல்லாவிட்டால் ஊகிக்காதே.” அதற்குப் பிறகு அந்தத் தவறு வரவில்லை.

ஆர்டர் தேடும் டூலிலும் இதே கதை. வாடிக்கையாளர் போன் நம்பரைத் தந்தால் அதை ஆர்டர் எண் இடத்தில் போட்டுத் தேடி, “உங்கள் பெயரில் ஆர்டர் எதுவும் இல்லை” என்று சொல்லிவிடும். பணம் கட்டியவருக்கு அந்தப் பதில் எப்படி இருக்கும்! ஆர்டர் எண் 6 இலக்கம், 10 இலக்கம் வந்தால் வேறு டூல் என்று விளக்கத்தில் சேர்த்தேன். டூல் திருப்பித் தரும் பிழைச் செய்தியிலும் அதையே எழுதினேன். வெறுமையான பதிலை விட, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் பிழைச் செய்தி மாடலுக்கு நன்றாக உதவுகிறது.

ரத்து செய்யும் டூலுக்கு விளக்கம் மட்டும் போதாது. “ரத்து பண்ணினா பணம் எப்ப வரும்?” என்று கேட்டவருடைய ஆர்டரையே ஒரு முறை ரத்து செய்துவிட்டது. ‘விசாரிப்புக்குப் பயன்படுத்தாதே’ என்று எழுதியதோடு, வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ளாமல் நடக்காதபடி கோடிலேயே தடை வைத்தேன். திரும்பப் பெற முடியாத வேலை எதற்கும் இதைச் செய்யுங்கள்.

குறை என்று பார்த்தால், எல்லா விளக்கங்களும் ஒவ்வொரு அழைப்பிலும் மாடலுக்குப் போகின்றன, டோக்கன் (மாடல் எழுத்தைப் பிரித்துக் கணக்கிடும் துண்டு) செலவு ஏறும். தமிழுக்கு டோக்கன் கூடுதலாக ஆவதால் ஆங்கிலத்தில் எழுதி, ‘தான்’, ‘காடா’ போன்ற சொற்களை மட்டும் தமிழில் வைத்திருக்கிறேன். அப்புறம், அழுத்தம் கூடினாலும் தொல்லை. ‘கண்டிப்பாக ஸ்டாக் பார்’ என்று எழுதிய வாரம், “வணக்கம்” சொன்னவருக்கும் ஸ்டாக் தேடியது. இப்போது எதை மாற்றினாலும், பழைய உரையாடல்களிலிருந்து எடுத்த 30 செய்திகளை ஓட்டி, எந்த டூல் போகிறது, என்ன மதிப்பு போகிறது என்று பார்த்த பிறகே ஏற்றுகிறேன்.

நிறப் பெயர்கள் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. ராமர் பச்சை, கிளிப்பச்சை, மயில் கழுத்து என்று வாடிக்கையாளர்கள் சொல்வதற்கும் ஸ்டாக்கில் உள்ள கோடு எண்ணுக்கும் பொருத்தம் எழுத வேண்டும். கவுண்டரில் இருக்கும் அக்கா தினமும் நான்கைந்து பெயர் சொல்கிறார், நான் சேர்த்துக்கொண்டு வருகிறேன்.