பேஸ்பால் ரெஃபரன்ஸ் இணையதளம்: கொடைக்கானல் டீக்கடைச் சண்டைக்கு ஒரு தராசு

பேஸ்பாலில் பழைய ஆட்டக்காரர் உசத்தியா, புதியவரா என்று மல்லுக்கட்டுபவர்களுக்கு, அமெரிக்க பேஸ்பால் புள்ளிவிவரங்களைத் தரும் இந்தத் தளம் காசில்லாமலே கைகொடுக்கும். பந்துவீச்சாளர் பக்கத்தில் நேராக 'ஈஆர்ஏ பிளஸ்' கட்டத்துக்குப் போங்கள். 100 என்றால் அந்த ஆண்டின் சராசரி, கூடக்கூட நல்லது.

ஈஆர்ஏ என்பது பந்துவீச்சாளர் 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன் (ஃபீல்டர்களின் பிழையால் வந்தவை சேராது); குறையக்குறைய நல்லது. 1968-இல் பாப் கிப்சனுக்கு 1.12, 2000-இல் பெட்ரோ மார்டினெஸுக்கு 1.74. வெறும் எண்ணில் கிப்சன்தான். ஆனால் அன்று பந்துவீசும் மேடு 15 அங்குலம், எல்லா பேட்டர்களும் திணறினார்கள். மறு ஆண்டே அதை 10 அங்குலமாக்கினார்கள். பெட்ரோ வீசியதோ ரன் மழை பொழிந்த காலம். பிளஸ் கணக்கில் கிப்சன் 258, பெட்ரோ 291. தலைகீழ்!

மைதானத்துக்கும் கழிவு போடுகிறார்கள். அமெரிக்காவின் டென்வர் நகரம் கடல்மட்டத்திலிருந்து 5,280 அடி உயரம். காற்று மெலிந்து பந்து தூரம் பறக்கும். 7,000 அடியில் கிரிக்கெட் ஆடும் கொடைக்கானல் பையன்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

பிளஸ் சொல்லாத சங்கதி ஒன்று: 1947-க்கு முன் அரை நூற்றாண்டுக்கு மேல் அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீக் கறுப்பின வீரர்களைச் சேர்க்கவில்லை. அன்றைய 'சராசரி' ஊரில் ஒரு பகுதியை வெளியே நிறுத்திப் போட்டது.

அட்டவணைகள் அகலம், கைபேசியைப் படுக்கவைத்துப் பாருங்கள்.