இரணைமடுக் குளக்கட்டில் ஒரு 8×42 பைனாகுலர்: வாங்கலாமா?

குளமும் வயலும் களப்புமாக இருக்கிற வன்னியில் பறவை பார்க்கத் தொடங்குகிற ஒருவருக்கு ஒரு நல்ல 8×42 பைனாகுலர் போதும். அதைவிடப் பெரிதாக எதுவும் வேண்டாம். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கந்தோரில் என் மேசையில் அதைக் கண்டவுடன் எல்லாரும் கேட்பது “எத்தனை மடங்கு பெரிசாக் காட்டும்?” என்பதுதான், எட்டு மடங்கு என்றதும் “அவ்வளவுதானா” என்று முகம் சுருங்கிவிடுகிறது. அந்த எட்டுதான் இதன் பலம் என்று விளங்கப்படுத்தத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நான் கிளிநொச்சியில் ஒரு கந்தோரில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். காலை எட்டரையில் இருந்து நாலேகால் வரைக்கும் கம்பியூட்டரும் வவுச்சரும்தான். மாசக் கடைசியில் கண்ணை மூடினாலும் எக்ஸெல் கட்டங்கள் தெரியும். சனி ஞாயிறில் வீட்டில் படுத்துக் கிடந்து போனைத் தள்ளிக்கொண்டிருப்பதை விட வெளியில் எங்கேயாவது போவோம் என்று எங்கள் கந்தோர் அக்கா ஒருவர்தான் என்னைக் குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவரிடம் ஒரு பழைய பைனாகுலர் இருந்தது. இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்து, “இப்ப பறந்திட்டுது” என்று சொல்லிச் சொல்லியே பொழுது போய்விடும். அப்புறம்தான் எனக்கென்று ஒன்று வாங்கினேன். மாரி, கோடை இரண்டும் பார்த்தாயிற்று, இனிமேல் நம்பிக்கையோடு எழுதலாம்.

பெயரை இங்கே போடவில்லை. இந்த விலையில் வருகிற சீனத் தயாரிப்புகளில் ஒரே உடல் வேறு வேறு பெயர் குத்தப்பட்டு வருகிறது, அதனால் பெயரைத் தேடாமல் விபரத்தைத் தேடுங்கள். என்னுடையதற்கு முப்பதாயிரத்துக்குக் கிட்ட முடிந்தது.

8×42 என்பதில் முதல் எண் பெருப்பம், அதாவது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது எண் முன் கண்ணாடியின் விட்டம் மில்லிமீற்றரில். 42-ஐ எட்டால் பிரித்தால் 5.25. பின்பக்கத்தால் கண்ணுக்குள் வருகிற ஒளிக்கற்றையின் அகலம் அவ்வளவு மில்லிமீற்றர். 10×42 வாங்கினால் அது 4.2 ஆகக் குறைந்துவிடும். நல்ல வெயிலில் வித்தியாசம் ஒன்றும் தெரியாது. ஆனால் நாங்கள் பறவை பார்ப்பது வெயிலிலா? விடிய ஆறு மணிக்கு, மார்கழி மூடத்தில், இல்லாவிட்டால் வேலை முடிந்து ஸ்கூட்டியில் குளக்கட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு மிஞ்சுகிற அந்தக் கொஞ்ச வெளிச்சத்தில். அந்த நேரத்தில்தான் 8×42 கைகொடுக்கிறது. பற்றைக்குள் நிற்கிற பறவையின் நிறம் வெறும் கண்ணுக்குக் கறுப்பாகிப் போன பிறகும் இதற்குள்ளால் பழுப்பு என்று தெரிகிறது. இன்னொன்று, பெருப்பம் கூடக் கூடக் கை நடுக்கமும் சேர்ந்து பெருக்கும், பார்வைப் பரப்பும் சுருங்கும். என்னுடையதில் 1000 மீற்றர் தூரத்தில் ஏறக்குறைய 130 மீற்றர் அகலம் தெரியும், பத்து மடங்கில் பொதுவாக அதைவிடக் குறைவாகத்தான் வரும். பறந்துபோகிற தாராக் கூட்டத்தைப் பிடிக்க அந்த அகலம்தான் வேணும்.

இணையத்தில் 30×60 என்றும் 100 மடங்கு என்றும் போட்டு, முன் கண்ணாடி சிவப்பாக மினுங்குகிற சாமான்கள் வருகின்றன. எங்கள் கந்தோரில் ஒரு தம்பி அப்படி ஒன்று எடுத்திருக்கிறான். அளந்து பார்த்தோம், முன் கண்ணாடி 30 மில்லிமீற்றர்கூட இல்லை. அதற்குள்ளால் பார்த்தால் எல்லாம் நீலப் பச்சையாக மங்கித் தெரிகிறது, கொஞ்ச நேரத்தில் தலையிடிக்கிறது. ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து இப்படி ஏமாறுகிறார்களே என்று எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. முகம் பார்க்கிற கண்ணாடிபோல் சிவப்பாக மினுங்கினால் தொடவே வேண்டாம். நல்ல பூச்சுப் போட்ட வில்லையைச் சரித்துப் பார்த்தால் மங்கலான பச்சை அல்லது ஊதா நிறம்தான் தெரியும், பார்த்தவுடன் கண்ணைப் பறிக்காது.

சரி, என்னுடையது எப்படி? உள்ளே ஒளியைத் திருப்பிவிடுகிற அரியம் பேக்-4 என்ற நல்ல வகைக் கண்ணாடி, வில்லைகள் எல்லாவற்றுக்கும் பல அடுக்குப் பூச்சு, உள்ளே காற்றுக்குப் பதிலாக ஈரமில்லாத நைதரசன் நிரப்பியது, தண்ணீர் போகாது. இந்த நைதரசன் விஷயத்தைச் சும்மா விளம்பரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஏசி போட்ட கந்தோரில் பையோடு இருந்துவிட்டு வெளியில் எடுத்தால் வெளிக் கண்ணாடியில் ஆவி படியும், துடைத்தால் போய்விடும். உள்ளுக்குள் படிந்தால் துடைக்கவே முடியாது. அக்காவின் பழையதில் நைதரசன் இல்லை, ஐப்பசி கார்த்திகை மழைக்கு உள்ளே பூஞ்சணம் பிடித்து ஒரு பக்கம் சிலந்தி வலைபோல் ஆகிவிட்டது. என்னுடையதையும் நான் நம்பி வெறுமனே விடுவதில்லை. இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் சிலிக்கா ஜெல் பக்கெற்றுகளோடு வைக்கிறேன். சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிற அதே பக்கெற்றுத்தான், எறியாமல் சேர்த்து வையுங்கள்.

கோடையில் பிரச்சினை வேறு. சோளகம் தொடங்கினால் கிறவல் றோட்டுப் புழுதி எல்லாத்திலும் ஏறும். அப்போது சட்டை நுனியால் துடைத்தீர்களோ, பூச்சில் கீறல் நிச்சயம். முதலில் ஊதி, மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு, கடைசியாகத்தான் துணி. கண் வைக்கிற பக்கத்துக்கு மூடி ஒரே துண்டாக வாரோடு கொழுவிக் கிடக்கிறது, அது நல்லது. முன் மூடிகள் இரண்டும் லூஸ், ஸ்கூட்டியில் போகும்போது ஒன்று எங்கேயோ விழுந்தே போய்விட்டது.

வார் இன்னும் மோசம். ஏறக்குறைய 700 கிராம் பாரத்தை ஒரு மெல்லிய நாடாவில் கழுத்தில் தொங்கவிட்டால் ஒரு மணித்தியாலத்தில் பிடரி பிடிக்கிறது. நாள் முழுக்கக் குனிந்து தட்டச்சு அடிக்கிற கழுத்துக்கு அது சரிவராது. தோளிரண்டிலும் மாட்டுகிற வார் தனியாக வாங்கிப் போட்ட பிறகுதான் நிம்மதி. விலை பேசும்போது அந்தக் காசையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள்.

படத்தின் தரத்தைச் சொல்லாவிட்டால் எழுதியதில் பிரயோசனம் இல்லை. நடுவில் கூர்மை மிக நன்று. ஓரத்துக்குப் போகப் போகக் கொஞ்சம் கரைகிறது. வெள்ளை வானத்துக்கு முன்னால் கறுப்புப் பறவை, உதாரணத்துக்குப் பட்ட மரத்தில் செட்டையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கிற நீர்க்காகம், அதைப் பார்த்தால் ஓரத்தில் ஊதாக் கோடு ஒன்று ஓடும். இந்த விலைக்கு அதை நான் குறையாக எடுக்கவில்லை. கிட்டக் குவியம், அதாவது தெளிவாகப் பார்க்கக்கூடிய ஆகக் கிட்டின தூரம், ஏறக்குறைய இரண்டு மீற்றர், அதனால் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கந்தோர் வாசலில் நின்று தும்பியையும் வண்ணத்துப்பூச்சியையும்கூடப் பார்க்கலாம். அந்த வாசலுக்கு நேரே போகிற கரண்டுக் கம்பியில் பஞ்சுருட்டான்கள் வந்து இருக்கும். ஒன்று பாய்ந்து போய்த் தேனீயைப் பிடித்துக்கொண்டு வந்து, கம்பியில் இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி என்று மாறி மாறி அடித்து, பிறகு கம்பியிலேயே வைத்துத் தேய்த்துக் கொடுக்கை நீக்கிவிட்டு, மேலே எறிந்து விழுங்கியது. தேனீயின் செட்டை முறிகிறதுகூடத் தெரிந்தது. அந்தக் கம்பிக்குக் கீழால் தினமும் நடந்து போயும் அதை ஒருநாளும் நான் கண்டதில்லை.

இரணைமடுவில்தான் இதை அதிகம் பாவித்திருக்கிறேன். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய வடக்கின் பெரிய குளம், குளக்கட்டில் நின்றால் அக்கரை கோடாகத்தான் தெரியும், வெறும் கண்ணுக்குத் தண்ணீரில் வெள்ளைப் புள்ளிகள் மட்டும்தான். பைனாகுலரை வைத்தால் அவை கூழைக்கடாக்கள். அலகின் மேல் ஓரத்தில் வரிசையாக மைப் பொட்டு வைத்ததுபோல் இருக்கிற புள்ளிகளை எண்ணலாம், கீழே தொங்குகிற பையில் தண்ணீர் வடிகிறதைப் பார்க்கலாம். கறுப்பு வெள்ளை மீன்கொத்தி ஒரே இடத்தில் செட்டையடித்து நின்று நேர் கீழே விழுகிறதும் அப்படித்தான். கட்டில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஐயா ஒருவர், “பிள்ளை, உதால எவ்வளவு தூரம் தெரியும்?” என்று கேட்டார். கொடுத்தேன். குவியச் சில்லை உருட்டிக்கொண்டே போனவர் சட்டென்று நின்று, “அட, என்ர வலை மிதப்பெல்லோ தெரியுது, ஒரு பக்கம் தாண்டு கிடக்கு” என்றார். அவருக்குப் பறவையில் அக்கறை இல்லை, ஆனால் அதற்குப் பிறகு எந்தப் பக்கம் தாரா இறங்கியிருக்கிறது என்று அவர்தான் எங்களுக்குச் சொல்கிறார்.

அதே கனகராயன் ஆற்றுத் தண்ணீர் கடைசியில் போய்ச் சேர்கிற இடம் சுண்டிக்குளம். 1938-இல் சரணாலயமாகி 2015-இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. மன்னார்ப் பக்கம் போனால் வங்காலை, 2008-இல் சரணாலயம், 2010-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மன்னாருக்குப் பாலம் ஏறமுதல் வருகிற அந்தச் சதுப்புகளில் வலசைக் காலத்தில் ஊசிவால் வாத்துகளும் பூநாரைகளும் வந்து நிற்கும். அங்கே 8 மடங்கு போதுமா என்று கேட்டால், நேர்மையாகச் சொல்வதென்றால், தூரத்தில் நிற்கிற சின்ன உள்ளான் வகைகளுக்குப் போதாது. கால் நிறமும் அலகு வளைவும் தெரியாமல் பெயர் சொல்ல முடியாத பறவைகள் அவை, அதற்கு முக்காலியில் வைக்கிற தொலைநோக்கி வேணும். ஆனால் ஒன்பது மணிக்குப் பிறகு வெட்டவெளியில் கானல் எழும்பிவிட்டால் 60 மடங்கு வைத்திருப்பவரும் ஆடுகிற நிழலைத்தான் பார்ப்பார். விடியப் போனால் எட்டிலேயே பூநாரை தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மேய்வதும், செட்டை விரிக்கும்போது உள்ளிருந்து அந்தச் சிவப்பு வெளியே வருவதும் வடிவாகத் தெரியும்.

வன்னியில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. பைனாகுலர் எங்கள் சனத்துக்கு ஒரு சாதாரணச் சாமான் இல்லை. முகாம், சோதனைச் சாவடி, ஓடுபாதை இருக்கிற பக்கம் இதை எடுக்கவே எடுக்காதீர்கள், அந்தத் திசையில் எவ்வளவு அருமையான பறவை இருந்தாலும் சரி. யாராவது கேட்டால் உடனே கையில் கொடுத்துக் காட்டுங்கள், போனில் இருக்கிற பறவைப் படங்களையும் காட்டுங்கள். தனியாகப் போகாதீர்கள். வீட்டு வளவுகளைப் பார்க்காதீர்கள், குளிக்கிற இடங்களுக்குக் கிட்டவும் நிற்காதீர்கள். ஊர்ச் சனத்தின் நம்பிக்கை கெட்டால் எங்களுக்குப் பின்னால் வருகிற பொடிபெட்டையளுக்கும் கட்டில் நிற்க முடியாமல் போய்விடும்.

கைக்கு வந்தவுடன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, பலர் செய்யாமல் “தெளிவில்லை” என்று திருப்பி அனுப்புகிறார்கள். வலக் கண்ணை மூடிக்கொண்டு நடுச் சில்லை உருட்டி, தூரத்துப் பெயர்ப்பலகை எழுத்து ஒன்றை இடக் கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடக் கண்ணை மூடி, நடுச் சில்லைத் தொடாமல், வலப்பக்கக் கண் வில்லையில் இருக்கிற வளையத்தைத் திருகி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். அவ்வளவுதான், அந்த வளையம் நிற்கிற இடத்தைக் குறித்து வையுங்கள். அப்புறம் எப்போதும் நடுச் சில்லு மட்டும் போதும்.

கண்ணாடி போடுகிறவர்கள் கவனம். கண் வைக்கிற றப்பர்க் கிண்ணத்தைத் திருகிக் கீழே இறக்கிவிட்டுப் பார்க்க வேணும், அப்படியும் முழு வட்டம் தெரியாவிட்டால் அந்த மொடல் உங்களுக்கு இல்லை. விற்கிறவரிடம் கண்தூரம், அதாவது கண் வில்லையில் இருந்து கண்ணை எவ்வளவு தள்ளி வைத்தும் முழுப் படமும் தெரியும் என்பது, எத்தனை மில்லிமீற்றர் என்று கேளுங்கள், 15-க்கு மேல் இருந்தால் நல்லது. என்னுடையது 17, எனக்குக் கண்ணாடியோடு சரியாக வருகிறது. விபரத்தில் அந்த எண்ணே போடாமல் “எச்டி, இரவிலும் பார்க்கலாம்” என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பெயர் தெரியாத பறவைக்கு மேர்லின் செயலி இலவசம், போனில் முதலே இறக்கி வைத்துவிட்டுப் போங்கள், சுண்டிக்குளப் பக்கம் சிக்னலை நம்ப முடியாது. கிளிநொச்சிப் பக்கம் இருக்கிற யாராவது வாங்கமுதல் ஒருக்கால் கையில் வைத்துப் பார்க்க விரும்பினால், மழை இல்லாத ஞாயிறுகளில் விடிய நானும் அக்காவும் பெரும்பாலும் இரணைமடுக் கட்டில்தான் நிற்போம். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு வாருங்கள்.