முட்டுவலி வந்த வீட்டுக்கு எந்த கக்கூஸ்?

மார்த்தாண்டம், குழித்துறை பக்கத்துப் பழைய வீடுகளில் பெரும்பாலும் ஒரு படி உயர்த்திக் கட்டிய இந்தியன் கக்கூஸ்தான். முட்டு மடங்காத வயதில் அதற்கு மாற்று மூன்று: ஓட்டை நாற்காலி, தரையில் உட்காரும் வெஸ்டர்ன், சுவரில் தொங்கும் வெஸ்டர்ன்.

நாற்காலி ஆபரேஷன் முடிந்து வந்தவருக்கு ஒன்றிரண்டு மாதம் போதும். அந்தக் குறுகிய படிமேல் நாலு காலும் சரியாக நிற்காது, ஒன்று வழுக்கினால் ஆளோடு சாயும். நிரந்தரத்துக்கு வேண்டாம்.

தொங்கும் வகையில் உயரத்தை நாமே வைத்துக்கொள்ளலாம், அடியில் துடைப்பதும் சுலபம். ஆனால் ஃப்ளஷ் தொட்டி சுவருக்குள். வெட்டுக்கல்லும் ஹாலோ பிளாக்கும் கோப்பையைத் தாங்கும் இரும்பு பிரேமின் போல்ட்டை நம்பிப் பிடிக்காது, முன்னால் தனியாகச் சுவர் எழுப்ப வேண்டும். சின்ன பாத்ரூமில் அந்த அரையடி பெரிய இடம். அதைவிடப் பெரிய தலைவலி ரிப்பேர். பட்டனைக் கழற்றினால் கை நுழையும் அளவு ஓட்டைதான், உதிரி பாகம் அந்தந்த கம்பெனியுடையதுதான் பொருந்தும். பின்னால் பைப் இணைப்பு கசிந்தால் டைல்ஸை உடைக்க வேண்டும். சர்வீஸ் ஆள் பக்கத்திலேயே இருக்கும் நகரத்தில் இந்தக் கணக்கு மாறலாம்.

என் ஓட்டு தரையில் உட்காருவதற்கே. வால்வோ வாஷரோ போனால் ஜங்ஷன் ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். தொட்டி மூடியைத் தூக்கினால் எல்லாம் கண் முன்னால்.

கெடுவது பொருத்தும்போதுதான். இந்தியன் கோப்பைக்கு அடியில் தனி ட்ராப் (நாற்றம் மேலே வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு) புதைந்திருக்கும். வெஸ்டர்னுக்கு அதன் உடம்பிலேயே ட்ராப் உண்டு. பழையதைத் தோண்டி எடுக்காமல் மேலே வைத்துவிட்டால் இரண்டுக்கும் நடுவில் காற்று சிக்கி, ஃப்ளஷ் மந்தமாகி, அடிக்கடி அடைக்கும். தோண்டச் சோம்பல்பட்டு சில பிளம்பர்கள் செய்வது இதைத்தான். கூடவே நின்று பாருங்கள். ட்ராப் இருந்த இடத்தில் நாலு இஞ்ச் பைப் நேராக வர வேண்டும். படியை இடிக்கும் முன் வெளிச் சேம்பரில் (கழிவு பைப் போய்ச் சேரும் குழி) பைப் எந்த மட்டத்தில் சேர்கிறது என்று பார்க்காவிட்டால், தரையைத் தாழ்த்திய பிறகு வாட்டம் கிடைக்காது.

சுவரிலிருந்து பைப்பின் நடு வரை 9 இஞ்சா 12 இஞ்சா என்பது மாடலைப் பொறுத்தது. அளவு டைல்ஸ் ஒட்டிய சுவரிலிருந்து. வெறுஞ்சுவரில் அளந்தால் ஒரு இஞ்சுக்கு மேல் பிசகும். சிமெண்ட் அடைத்து உட்கார வைக்காதீர்கள், பின்னால் கழற்றும்போது கோப்பை உடையும். ஸ்க்ரூ போட்டு ஓரத்தில் சிலிக்கான், பின்பக்கம் சிறிது விட்டு: கசிவு இருந்தால் அங்கே தெரியும்.

சாதாரண மாடல் 40 செ.மீ. உயரம். முட்டுவலிக்கு 45 முதல் 48 வேண்டும். உயர மாடல் கிடைக்காவிட்டால் அடியில் கான்கிரீட் பீடம் போடலாம், கோப்பையின் கால் அளவுக்கு மட்டும். அகலமாகப் போட்டால் கால் தட்டும்.

கோப்பையின் நடு பக்கச்சுவரிலிருந்து 45 செ.மீ. தள்ளி, கைப்பிடி சீட்டுக்கு மேல் 20 செ.மீ. உயரத்தில். ஹாலோ பிளாக்கில் சாதாரண பிளக் ஆடிப்போகும். சுவரைத் துளைத்து மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து போல்ட் முறுக்க வேண்டும். உறிஞ்சி ஒட்டும் கைப்பிடியை வாங்கவே வேண்டாம். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும்: உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தால் தள்ளித் திறக்க முடியாது.