சுவிஸ் ராணுவக் கத்தி 08: சிவப்புப் பிடி அல்ல, பச்சைப் பிடி

கடையில் ‘சுவிஸ் ஆர்மி நைஃப்’ என்று கேட்டால் எடுத்து நீட்டுவது பெரும்பாலும் சிவப்புப் பிடி போட்ட, கார்க் திருகு வைத்த கத்தி. சுவிஸ் ராணுவம் தன் சிப்பாய்களுக்கு அதைக் கொடுத்ததே இல்லை. கத்தித் தயாரிப்பாளர் கார்ல் எல்சனர் 1897-இல் பதிவு செய்த ‘ஆபீசர் கத்தி’யின் வழிவந்தது அது. அதிகாரிகள் தேவைப்பட்டால் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டார்கள். சிப்பாய் கையெழுத்துப் போட்டு வாங்கும் கத்தியின் வரிசை வேறு: 1890, 1901, 1908, 1951, 1961, கடைசியாக 2008. இங்கே பார்க்கப்போவது அந்த 2008 மாடலை, சுருக்கமாக 08. இதைச் செய்யும் சுவிஸ் நிறுவனமான விக்டோரினாக்ஸ் பொதுமக்களுக்கும் விற்கிறது.

இந்தக் கத்தியைத் தனியாக வைத்துப் பார்த்தால் சில விஷயங்கள் விசித்திரமாகத் தெரியும். கத்தரிக்கோல் இல்லை, மரம் அறுக்கும் ரம்பம் இருக்கிறது. பல் வைத்த பகுதி அலகின் நுனிப் பக்கம் இருக்கிறது. எஃகு கடினமானதும் அல்ல. யார் கைக்காக, எந்த நிர்வாகத்தின் கணக்குக்காக இது செய்யப்பட்டது என்று தெரிந்தால்தான் இவற்றுக்கு விடை கிடைக்கும்.

சுவிட்சர்லாந்து முழுநேரப் படையை நம்பி நிற்கும் நாடு அல்ல. அரசியலமைப்பின் 58-ஆம் பிரிவு, படை அடிப்படையில் மிலிஷியா முறையில், அதாவது குடிமக்களே பகுதிநேரமாகச் சேவை செய்யும் முறையில், அமைய வேண்டும் என்கிறது. 59-ஆம் பிரிவு ஆண்களுக்குச் சேவையைக் கட்டாயமாக்கி, பெண்களுக்கு விருப்பத்துக்கு விடுகிறது. 2018-இல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தத்தின்படி சாதாரணச் சிப்பாய்க்கு மொத்தம் 245 நாள் சேவை. முதலில் 18 வாரப் பயிற்சிப் பள்ளி, பிறகு மூன்று வாரம் வீதம் ஆறு முறை மறுபயிற்சி. ஒரே மூச்சில் 300 நாள் முடித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. மற்ற நேரத்தில் அவர் தச்சர், வங்கி ஊழியர், மாணவர். துப்பாக்கி உட்பட அவருடைய தனிப்பட்ட தளவாடம் வீட்டு அலமாரியில் இருக்கும். ஆக, கத்தியும் வருடத்தில் மூன்று வாரம் உழைத்துவிட்டு மீதி நாளெல்லாம் சும்மா கிடக்கும். அதை எடுக்கப்போகிறவருக்குச் சாணை பிடிக்கத் தெரியும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. துருப்பிடிக்காமல் இருப்பதும் எளிதில் தீட்ட முடிவதும்தான் முதல் தேவை. விக்டோரினாக்ஸ் அலகுகளுக்குப் போடும் 1.4110 ரக எஃகு, கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் அளவில் 56 வாக்கில் நிற்பது. கத்திப் பிரியர்கள் இதை ‘மெத்து’ என்று ஓரங்கட்டுவார்கள். கூர்மை சீக்கிரம் போகும் என்பதும் உண்மைதான். ஆனால் சாதாரணக் கல்லில் பத்து நிமிடம் இழுத்தால் திரும்பி வந்துவிடும். கடினமான எஃகை அப்படி மீட்க முடியாது.

வாங்கிய விதத்தையும் பார்க்கலாம். கொள்முதலைக் கவனிப்பது ஆர்மாசுவிஸ் என்ற கூட்டாட்சித் துறை. பொருளை வழங்குவதும் திரும்பப் பெறுவதும் பராமரிப்பதும் ராணுவத் தளவாட அமைப்பின் வேலை. துன், ஹின்வில், ஒத்மார்சிங்கன், க்ரோலே, மொன்தே செனெரி ஆகிய ஊர்களில் அதன் மையங்கள் இருக்கின்றன. 2008 பிப்ரவரியில் டெண்டர் விட்டார்கள். உள்நாட்டிலும் வெளிநாட்டிலுமாக ஏழு நிறுவனங்களுக்கு அழைப்பு போயிற்று. ஜூலையில் மாதிரிகளைப் படையினர் கையில் கொடுத்துச் சோதித்தார்கள். தொழில்நுட்ப நிபந்தனைகளை ஆய்வகத்தில் தனியாகப் பார்த்தார்கள். விலைக்கேற்ற பயன் எதில் அதிகம் என்ற கணக்கில் விக்டோரினாக்ஸ் வென்றது. உறையோடு சேர்த்து 75,000 கத்திகள், 13.8 லட்சம் பிராங்க். ஒன்றுக்கு 18.40 பிராங்க் ஆகிறது. கடையில் நாம் கொடுப்பது அதைப்போலப் பல மடங்கு. ‘தேசத்தின் கத்தி’ என்பதால் உள்ளூர்க்காரருக்கே தூக்கிக் கொடுத்துவிடவில்லை, போட்டி வைத்துத்தான் எடுத்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளலாம். 1890 மாடலின் முதல் 15,000 கத்திகளே ஜெர்மனியின் ஸோலிங்கனில்தான் தயாராயின. அவ்வளவு எண்ணிக்கையைச் செய்து தர அன்று உள்நாட்டில் பட்டறை இல்லை.

அந்த முதல் கத்திக்கு இரண்டே வேலை: தகர டப்பாவைத் திறப்பது, 1889 மாடல் ஷ்மிட்-ரூபின் துப்பாக்கியைக் கழற்றுவது. ஸ்க்ரூடிரைவர் அதற்காகத்தான் வந்தது. இன்றைய ஸ்டுர்ம்கெவேர் 90 துப்பாக்கியைச் சுத்தம் செய்யக் கழற்றுவதற்குக் கருவியே வேண்டாம். ஊசியைத் தள்ளினால் இரண்டாகப் பிரியும். எனவே கத்தி துப்பாக்கியிலிருந்து விடுபட்டு, படையின் மற்ற வேலைகளுக்கு நகர்ந்தது என்றே கொள்ளலாம். அந்தப் படைக்குச் சட்டம் தரும் பணிகள் மூன்று: நாட்டைக் காப்பது, சிவில் நிர்வாகத்துக்குத் துணை நிற்பது, வெளிநாட்டில் அமைதிப் பணி. நடுநிலை நாட்டில் நடைமுறையில் கைவேலை அதிகம் கேட்பது இரண்டாவது பணி. வெள்ளம், நிலச்சரிவு என்றால் கன்டோன் (மாநில) நிர்வாகம் முதலில் தன் ஆட்களை வைத்துச் சமாளிக்க வேண்டும். முடியாதபோது கேட்டால் ராணுவம் போகும். டாவோஸ் பொருளாதார மாநாட்டின் பாதுகாப்புத் துணைக்கு மட்டும் ஆண்டுதோறும் 5,000 பேர் வரை அனுமதி உண்டு. 1999 முதல் கொசோவோவில் இருக்கும் சுவிஸ்காய் என்ற அமைதிப் பணிப் பிரிவுக்குத் தன்னார்வலர்களைத்தான் அனுப்புகிறார்கள். கயிறு, கிளை, கம்பி, பலகைப் பெட்டி, ஸ்டார் ஸ்க்ரூ: இந்த வேலைகளை நினைத்துக்கொண்டு கத்தியைத் திறந்து பாருங்கள், ரம்பம் ஏன் வந்தது என்று புரியும்.

மூடிய நீளம் 111 மில்லிமீட்டர், திறந்தால் 197. அகலம் 34.5, தடிமன் 18. எடை 131 கிராம். முந்தைய 1961 மாடல் 93 மில்லிமீட்டர் நீளம், 72 கிராம் எடை. பேண்ட் பாக்கெட்டில் போட்டால் பழையது இருப்பதே தெரியாது. புதியது தொடையில் இடித்துக்கொண்டே இருக்கும். இடுப்பு உறையில் வைப்பதே உத்தமம். பிடி பச்சைப் பாலிஅமைடு, வழுக்காமல் இருக்க ஆங்காங்கே கறுப்பு ரப்பர்த் திட்டுகள். பழைய அலுமினியப் பிடி பனிக்காலத்தில் விரலைச் சில்லிடவைக்கும், ஈரத்திலும் வழுக்கும். இதில் அந்தத் தொல்லை இல்லை. பெட்ரோல், தின்னர் போட்டு மட்டும் துடைத்துவிடாதீர்கள், ரப்பர்ப் பகுதி கெடும்.

அலகு 86 மில்லிமீட்டர். அதிலுள்ள துளையில் கட்டைவிரலை வைத்துத் தள்ளினால் ஒரே கையால் திறக்கும்; உள்ளிருக்கும் எஃகுத் தகடு நகர்ந்து வந்து பூட்டிக்கொள்ளும். அலகின் முன்பகுதி அலை அலையான பல், பிடியை ஒட்டியது நேர் விளிம்பு. பல கத்திகளில் இது தலைகீழாக இருக்கும். இங்கே வைத்திருப்பது யோசித்து வைத்ததுதான்: கட்டை சீவும்போது பலம் போடுவது பிடிக்கு அருகில், கயிறு அறுக்கும்போது இழுத்து வெட்டுவது முன்பகுதியால். இரண்டும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. ஆனால் உருளைக்கிழங்கு தோல் சீவுவது, பழம் நறுக்குவது போன்ற நுனி வேலைக்கு இது எரிச்சல் மூட்டும்.

பெரிய குறை, அலகு ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தீட்டப்பட்டிருப்பது. வலது கைக்காரருக்கு ஏற்ற சாய்வு அது. இடது கைக்காரர் வெட்டினால் கத்தி கோட்டை விட்டு ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போகும். பூட்டை விடுவிக்கும் தகடும் வலது கட்டைவிரலுக்காகவே அமைந்தது. எல்லாரும் கட்டாயமாகச் சேரும் படைக்கு ஒரே மாதிரிக் கத்தி கொடுப்பது நிர்வாகத்துக்கு வசதிதான். இடது கைக்காரர் இதைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

தீட்டும்போது பலர் கெடுப்பதும் இந்தச் சாய்வைத்தான். இரண்டு பக்கமும் கல்லில் போட்டுத் தேய்த்தால் சில மாதத்தில் கத்தி எதையும் சரியாக வெட்டாது. சாய்வுப் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் மை தடவுங்கள். கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை முழு அகலத்துக்கும் போயிருந்தால் கோணம் சரி. விளிம்பில் மட்டும் போயிருந்தால் கத்தியைத் தூக்கிப் பிடித்திருக்கிறீர்கள். மேலே மட்டும் போயிருந்தால் படுக்கவைத்திருக்கிறீர்கள். மறுபக்கம் விரலில் பிசிறு தட்டுப்படும்வரை தேய்த்துவிட்டு, தட்டைப் பக்கத்தைக் கல்லில் முழுக்கப் படுக்கவைத்து ஒரே ஒருமுறை இழுத்துப் பிசிறை எடுங்கள். அலைப் பகுதிக்குக் கூம்பு வடிவக் கம்பி வேண்டும். ஒவ்வொரு வளைவாக, சாய்வுப் பக்கம் மட்டும்.

பூட்டு இரண்டு கருவிகளுக்கு மட்டும்தான்: பெரிய அலகு, பாட்டில் திறப்பானோடு சேர்ந்த 7 மில்லிமீட்டர் தட்டை ஸ்க்ரூடிரைவர். ரம்பத்துக்கும் குத்தூசிக்கும் டப்பா திறப்பானுக்கும் பூட்டு இல்லை, ஸ்பிரிங் இறுக்கம்தான். விரல் வெட்டுப்படுவது இங்கேதான். ரம்பத்தால் கிளையை அழுத்தி அறுக்கும்வரை ஆபத்தில்லை, விசை அதை மேலும் திறந்தே வைக்கும். பாதியில் சிக்கிக்கொண்ட ரம்பத்தை மேல்நோக்கிப் பிடுங்கினால் அது விரல் பக்கமாக மடங்கிவிடும். சிக்கினால் கிளையை வளைத்து வெட்டுவாயைத் திறந்துவிட்டு எடுங்கள். குத்தூசியையும் நேராகத் தள்ளிக்கொண்டு மட்டும் திருகுங்கள்; பக்கவாட்டில் சாய்த்தால் மடியும்.

பூட்டு சரியாக விழாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் அழுக்கு. பாக்கெட்டின் பஞ்சும் மணலும் தகட்டின் அடியில் சேர்ந்து, அது முழுதாக நகராமல் தடுக்கும். வெதுவெதுப்பான தண்ணீருக்குள் வைத்து எல்லாக் கருவிகளையும் பலமுறை திறந்து மூடி, நன்றாக உலர்த்தி, மூட்டுகளில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட வேண்டாம்.

டப்பா திறப்பான் அருமை. கொக்கியை விளிம்புக்கு அடியில் மாட்டி, பிடியை உயர்த்திக் குத்தி, முன்னோக்கிச் சின்னச் சின்ன எட்டாக நகர வேண்டும். இன்னொரு சுவிஸ் தயாரிப்பான பழைய வெங்கர் கத்தியில் பழகியவர்கள் பின்னோக்கி இழுப்பார்கள். இதில் அது நடக்காது. அதன் நுனியிலுள்ள 3 மில்லிமீட்டர் முனை சின்ன ஸ்க்ரூக்களுக்கு உதவும். முதுகுப் பக்கத்து ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் பிஎச்2 அளவு. கத்திக்குச் செங்குத்தாக நிற்பதால் முறுக்கு விசை நன்றாகக் கிடைக்கும். ஆனால் பெட்டியின் மூலையில் உள்ள ஸ்க்ரூவைத் தொடவே முடியாது, பிடி இடிக்கும்.

பாக்கெட்டில் போட்டுக்கொள்ளச் சின்னதாக வேண்டும் என்பவர்களுக்கு 1961 மாடல்தான் நல்லது. பழையது வாங்கினால் அலகின் அடியில் அடித்த இரண்டு இலக்க ஆண்டைப் பாருங்கள். 2008 வரை விக்டோரினாக்ஸ், வெங்கர் இரண்டுமே செய்தன. புதிதாக வேண்டுமானால் பயனியர் என்ற பெயரில் கிட்டத்தட்ட அதே கத்தி கிடைக்கிறது. 08-இன் கருவிகளோடு சாமணமும் பல்குச்சியும் வேண்டும் என்றால் ஒன்-ஹேண்ட் டிரெக்கர். தோட்டம், முகாம், பட்டறை என்று முரட்டு வேலைக்கு வலது கைக்காரர் ஒருவர் கேட்டால் 08-ஐத் தயங்காமல் சொல்லலாம்.

எல்லை தாண்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் எடுத்துச் செல்வதை ஜெர்மனியின் ஆயுதச் சட்டம், பிரிவு 42ஏ, தடுக்கிறது. 10,000 யூரோ வரை அபராதம் உண்டு. அங்கே போகும்போது பூட்டிய பெட்டிக்குள் வையுங்கள். இல்லையென்றால் இரண்டு கையால் திறக்கும் 111 மில்லிமீட்டர் மாடலாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.