கிளப்பா, ஓட்டலா, ஜமக்காளமா?

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டரை முழுக்கக் கவனித்து முடித்துத் தருபவராக, வரும் இளசுகள் துணி வாங்கும் வெளிநாட்டு பையரோடு ஆங்கிலத்தில் வெளுத்துக் கட்டுகிறார்கள். அந்த இளசுகளிடமே கட்டிங், செக்கிங், சாயப்பட்டறை ஆட்கள் பத்துப் பேரை உட்காரவைத்து ஒரு முடிவுக்குக் கொண்டுவரச் சொன்னால் விழிக்கிறார்கள். நன்றாகப் பேசத் தெரிந்தவரே மற்றவர் வாயை அடைத்துவிடுவதும் நடக்கிறது. பணியாளர் பிரிவில் இருப்பதால், எல்லோரையும் பேசவைத்துக் கூட்டம் நடத்தப் பழக இவர்களை எங்கே அனுப்பலாம் என்று என்னைத்தான் கேட்கிறார்கள். மூன்று இடங்களுக்கு அனுப்பிப் பார்த்தேன். நானும் போய் உட்கார்ந்தேன்.

முதலாவது, மேடைப்பேச்சு பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப். 1924-ல் கலிஃபோர்னியாவின் சாண்டா அனாவில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கியது. கோவையிலும் கிளப்புகள் உண்டு. செலவு அதிகமில்லை. பச்சை, மஞ்சள், சிவப்பு அடையாளம் காட்டி நேரம் காப்பதும், பேசியவரிடம் நிறைகுறையை நோகாமல் சொல்வதும் அங்கே நன்றாகப் படிகின்றன. கூச்சம் போக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆனால் அங்கே யாருக்கும் யாரோடும் வழக்கில்லை. எல்லோரும் கைதட்டத் தயாராக வந்தவர்கள். ஜே.சி.ஐ. என்ற இளைஞர் அமைப்பும் ஏறக்குறைய இதே கதைதான். நாற்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கு மேடையும் பொறுப்பும் கிடைக்கும்.

இரண்டாவது, கோவை ஓட்டல்களில் நடக்கும் இரண்டு நாள் பயிற்சி. கலர் சீட்டு, சார்ட் பேப்பர், மதியம் தயிர்சாதத்துக்குப் பிறகு தூக்கம் கலைக்க ஒரு விளையாட்டு. கேலி செய்தாலும், முறைகளைச் சுருக்கமாகக் கற்க இதுதான் வழி. சிகாகோவில் தோன்றிய இன்ஸ்டிடியூட் ஆஃப் கல்ச்சுரல் அஃபயர்ஸ் உருவாக்கிய நான்கு படிக் கேள்விமுறையை அங்கேதான் கற்றேன். சாயம் போட்ட ஒரு லாட் துணியில் ஷேடு, அதாவது நிறச்சாயல், மாறிவிட்டது என்று வையுங்கள். எடுத்ததும் ‘யார் தப்பு?’ என்று கேட்டால் கூட்டம் அங்கேயே முடிந்தது. முதலில் கண்ணால் கண்டது என்ன, எத்தனை ரோல், எந்தத் தேதி? அடுத்து, பார்த்ததும் மனசுக்கு என்ன தோன்றியது? பிறகு, காரணம் என்னவாக இருக்கும்? கடைசியில்தான், இனி என்ன செய்யப்போகிறோம். இரண்டாம் கேள்வியை நம் ஆண்கள் அசட்டுக் கேள்வி என்று தாண்டப் பார்ப்பார்கள். அதைத் தாண்டினால் உள்ளே இருக்கும் கோபம் மூன்றாம் கேள்வியில் பழியாக வந்து விழும்.

குறை எங்கே என்றால், திங்கட்கிழமையில். பயிற்சி முடித்து வந்த பையன் ஆசையாகச் சீட்டுகளைப் பரப்பினான். மேனேஜர் உள்ளே வந்தார், நாற்பது நிமிடம் அவரே பேசினார். எல்லோரும் ‘நீங்க சொன்னாச் சரிங்கண்ணா’ என்றார்கள். உண்மை சாயங்காலம் டீக்கடையில்தான் வெளியே வந்தது. எங்கள் பக்கத்து ‘ங்க’வுக்குள் எத்தனை மறுப்பு ஒளிந்திருக்கிறது என்று ஓட்டல் பயிற்சியாளருக்குத் தெரிவதில்லை.

மூன்றாவதை யாரும் பயிற்சி என்று கணக்கில் சேர்ப்பதில்லை: மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டம். தமிழ்நாட்டில் இது 1989-ல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் தொடங்கியது. ஒரு குழுவில் 12 முதல் 20 பேர். கூட்டம் நடத்துபவருக்கு ‘ஊக்குநர்’ என்ற பெயரையும் அப்போதே வைத்துவிட்டார்கள். நாம்தான் ‘ஃபெசிலிடேட்டர்’ என்ற ஆங்கிலப் பெயரோடு அதே வேலையை ஓட்டலில் தேடுகிறோம். செக்கிங் பெண்களிடம் அனுமதி கேட்டு அவிநாசிப் பக்கம் ஒரு குழுவுக்குப் போனோம். கடன் கொடுக்க இருக்கும் பணம் ஒருவருக்குத்தான் போதும். கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவருக்கு மகள் காலேஜ் ஃபீஸ், இன்னொருவருக்குக் கறவை மாடு. ஊக்குநர் தன் கருத்தைச் சொல்லவே இல்லை. அதுவரை வாய் திறக்காமல் ஜமக்காளத்தின் ஓரத்தில் இருந்தவரைப் பார்த்து, ‘நீங்க என்ன நினைக்கறீங்கக்கா?’ என்றார். பதில் வரும்வரை காத்திருந்தார். அந்த மௌனத்தில் எங்கள் பையன் இரண்டு முறை பேச வாயெடுத்து அடக்கிக்கொண்டான். மாட்டுக்குக் கேட்டவரே ‘அடுத்த மாசம் எனக்கு’ என்று ஒதுங்கினார், தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்தானது.

பணம், உறவு, கோபம் எல்லாம் நிஜமாக இருக்கும் இடம் இந்த மூன்றில் இது ஒன்றுதான். ஆனால் ஏன் அப்படிச் செய்தார் என்று அங்கே யாரும் விளக்கமாட்டார்கள். பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். அதனால் இப்போது முதலில் ஜமக்காளம், நாலைந்து கூட்டம், வாயைத் திறக்காமல். அப்புறம் ஓட்டல். மேடை பயம் இருப்பவர்களுக்கு மட்டும் கிளப். கம்பெனிக்குள்ளும் ஒரு மாற்றம் செய்தோம்: எல்லோரும் கருத்தைச் சீட்டில் எழுதி முடித்த பிறகு, வயதில் சின்னவரிலிருந்து பேச்சு தொடங்கும். மேனேஜர் கடைசிப் பத்து நிமிடத்துக்குத்தான் உள்ளே வருவார். அதற்கு அவரைச் சம்மதிக்க வைக்கத்தான் ஆறு மாதம் ஆனது.