சோலார் பீமா, ஜிகா டிரெய்னா, லீஃப் ஸ்டார்மா: வீனசாருக்கு எது தகும்?

கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் போகிமான் என்ற உயிரினங்களை மோதவிடும் வீடியோ விளையாட்டை ஆடும் பிள்ளைகளிடம் புல்வகைத் தாக்குதலைப் பற்றிப் பேச்செடுத்தால், பேச்சு பெரும்பாலும் 120 என்ற எண்ணில் வந்து நிற்கிறது. “சோலார் பீம் கையில இருக்கறப்ப வேற எதுக்குங்க?” என்று கேட்பவர்கள் அதன் வலிமை எண்ணை மட்டும் பார்க்கிறார்கள், அந்த 120 எத்தனை முறைகளுக்கு (இருவரும் ஆளுக்கொரு செயல் செய்யும் சுற்றுகளுக்கு)ப் பிறகு எதிராளியின் மீது விழுகிறது என்பதைப் பார்ப்பதில்லை. புல்வகையும் நஞ்சுவகையும் கலந்த வீனசார் என்ற போகிமானை அளவுகோலாக வைத்துக்கொண்டு, அது கற்கக்கூடிய சோலார் பீம், ஜிகா டிரெய்ன், லீஃப் ஸ்டார்ம், எனர்ஜி பால் ஆகிய நான்கையும் இங்கே எடைபோட்டுப் பார்க்கலாம். எண்கள் அனைத்தும் ஒன்பதாம் தலைமுறை, அதாவது வரிசையில் ஒன்பதாவது தொகுப்பாக வந்த விளையாட்டுகளில் உள்ளவை.

1996-இல் வெளிவந்த முதல் விளையாட்டிலிருந்தே இருக்கும் சோலார் பீமின் வலிமை 120, துல்லியம் 100. முதல் முறையில் ஒளியைத் திரட்டிக்கொண்டு, இரண்டாம் முறையில்தான் அது தாக்கும். ஆக, முறை ஒன்றுக்குக் கிடைப்பது 60 மட்டுமே. எண்ணிக்கையில் வரும் குறையைவிடப் பெரிய குறை, திரட்டும் அந்த ஒரு முறையில் நம் எண்ணம் எதிராளிக்கு அப்பட்டமாகத் தெரிந்துவிடுவது. அவர் நிதானமாக ஓர் எஃகு வகையையோ பறவை வகையையோ களமிறக்கி அடியைப் பாதியாக்கிக்கொள்ளலாம். புரொடெக்ட் என்ற தற்காப்பைப் போட்டு முழுவதுமாகத் தடுத்தும் விடலாம். புல்வகைத் தாக்குதலைத் தாங்கும் வகைகள் ஏழு இருக்கும் விளையாட்டில், எதிராளிக்கு முன்னறிவிப்புக் கொடுப்பது நல்ல பழக்கம் அல்ல.

வெயில் அடித்தால் கதை மாறும். 1999-இல் வந்த இரண்டாம் தலைமுறையில் வானிலை என்ற அம்சம் சேர்ந்தபோது, கடும் வெயிலில் சோலார் பீம் காத்திராமல் உடனே பாயும் என்ற விதியும் வந்தது. அப்போது இரண்டு முறைகளில் 240. மற்ற மூன்றில் எதுவும் அதன் அருகில் வர முடியாது. வீனசாருக்குக் குளோரோபில் திறன் இருந்தால் வெயிலில் அதன் வேகமும் இரட்டிப்பாகிறது. ஆனால் வெயிலை வரவழைக்கும் சன்னி டே போட்டால் வெயில் நிற்பது, போட்ட முறையையும் சேர்த்து, ஐந்து முறைகள்தான். ஹீட் ராக் என்ற பொருளை வைத்திருந்தால் எட்டு. நைன்டேல்ஸ், டார்கோல் போன்ற போகிமான்கள் டிராட் திறனால் வெயிலைக் கொண்டுவந்தால் வீனசாரின் ஒரு முறை மிச்சமாகும் என்றாலும், அதற்காக அணியில் ஓர் இடத்தை ஒதுக்க வேண்டும். அதே வெயிலில் நெருப்புத் தாக்குதல்கள் ஒன்றரை மடங்காகின்றன. நெருப்புக்கு ஏற்கெனவே இரட்டிப்பாக அடிபடும் வீனசாருக்கு அது மூன்று மடங்காகப் போய் நிற்கும்.

எதிரணியிலிருந்து பெலிப்பர் என்ற போகிமான் இறங்கி மழையைக் கொண்டுவந்தாலோ சோலார் பீம் மீண்டும் இரண்டு முறைத் தாக்குதலாகிவிடும்; வலிமையும் பாதியாகி 60-இல் நிற்கும். மும்முனை மின்சாரம் வராத வேளையில் தோட்டத்துக் கிணற்று மோட்டாரின் குதிரைத்திறனைச் சொல்லி யாரும் பெருமைப்பட முடியாது. வெயிலை நம்பாத அணியில் சோலார் பீமின் 120-ம் அப்படித்தான்.

ஜிகா டிரெய்னின் எண் 75 என்பதால் பலர் அதைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். ஒரு காலத்தில் அந்த அலட்சியத்துக்கு நியாயம் இருந்தது. இரண்டாம் தலைமுறையில் அது 60 வலிமையும் ஐந்தே பிபியும் (வீசக்கூடிய தடவைகள்) கொண்ட சிக்கனமான தாக்குதல்; நான்காம் தலைமுறையில் பிபி பத்தானது, ஐந்தாம் தலைமுறையில் வலிமை 75 ஆனது. வெயில் இல்லாத களத்தில் இரண்டு முறைகளுக்கு 150 என்று பார்த்தாலே அது சோலார் பீமை முந்திவிடுகிறது. அதற்கு மேல், கொடுத்த சேதத்தில் பாதி நம் ஹெச்பியாக (உயிர்ப்புள்ளியாக)த் திரும்பி வருகிறது. 50-ஆம் நிலையில், பயிற்சிப் புள்ளி எதுவும் ஹெச்பியில் சேர்க்காத நல்ல வீனசாரின் ஹெச்பி 155. எதிராளியிடமிருந்து 120 ஹெச்பியைப் பறித்தால் 60 நமக்கு வரும். அதாவது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். எதிராளியின் ஹெச்பியை முறைதோறும் உறிஞ்சும் லீச் சீடையும் சேர்த்து ஆடும் பொறுமைசாலிகளின் வீனசாரைக் களத்திலிருந்து கிளப்புவது எளிதல்ல.

அதற்கும் வரம்புகள் உண்டு. எதிராளியிடம் பத்து ஹெச்பிதான் மிச்சம் என்றால் நமக்குக் கிடைப்பதும் அதில் பாதியான ஐந்துதான். ஆகவே சாகும் தறுவாயில் இருப்பதன் மீது வீசி உடம்பைத் தேற்றிக்கொள்ள முடியாது. தாங்கும் வகையின் மீது வீசினால் சேதமும் மீட்பும் சேர்ந்தே குறையும். டென்டாக்ருயல் என்ற போகிமானிடம் தனி எச்சரிக்கை தேவை. நீர் வகைதானே என்று நினைத்து இதை வீசுபவர்கள் இரண்டு வகையில் ஏமாறுகிறார்கள்: நீரும் நஞ்சும் கலந்ததால் அதற்கு அடி இரட்டிப்பாகாது, அதனிடம் லிக்விட் ஊஸ் திறன் இருந்தால், நமக்கு ஏற வேண்டிய ஹெச்பி அத்தனையும் இறங்கிவிடும்.

லீஃப் ஸ்டார்ம் 2006-இல் நான்காம் தலைமுறையோடு வந்தது. அப்போது 140 ஆக இருந்த வலிமை ஆறாம் தலைமுறையில் 130 ஆனது. துல்லியம் 90, பிபி ஐந்து. அடி விழுந்ததும் நம் ஸ்பெஷல் அட்டாக் (இந்த நான்கு தாக்குதல்களின் பலத்தையும் தீர்மானிக்கும் எண்) இரண்டு படி இறங்கிப் பாதியாகிவிடும். இதே ஆண்டில் பிறந்த எனர்ஜி பாலுக்கு வலிமை 90, துல்லியம் 100. பத்தில் ஒரு பங்கு வாய்ப்பில் அவற்றைத் தாங்கும் எண்ணான எதிராளியின் ஸ்பெஷல் டிஃபென்ஸ் ஒரு படி இறங்கும். இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் கணக்குப் போடுவது சுவாரசியமானது. லீஃப் ஸ்டார்ம் இரண்டு தடவையும் தவறாமல் விழுந்தால் 130-ம் 65-ம் சேர்ந்து 195. தவறிப்போகும் வாய்ப்பையும் கணக்கில் எடுத்தால் சராசரி ஏறக்குறைய 181-க்கு இறங்கிவிடுகிறது. எனர்ஜி பால் அலட்டிக்கொள்ளாமல் 180 தருகிறது. மூன்றாம் தடவையில் லீஃப் ஸ்டார்மின் அடி 43 அளவுக்குச் சுருங்கிவிடுவதால், தொடர்ந்து நின்று ஆடுபவருக்கு அது நட்டம்தான்.

ஆனால் லீஃப் ஸ்டார்மை நின்று ஆடுவதற்காக யாரும் வைத்துக்கொள்வதில்லை. ஒரே அடி அடித்துவிட்டு வெளியேறினால் இறங்கிய படிகள் அழிந்துவிடும். அடுத்த தடவை வீனசார் திரும்பி வரும்போது முழு பலத்தோடு வரும். அணியை மாற்றி மாற்றி இறக்கி ஆடத் தெரிந்தவருக்கு இதைவிடக் கூர்மையான ஆயுதம் இந்த வகையில் இல்லை. படிகளின் ஏற்ற இறக்கத்தைத் தலைகீழாக்கும் கான்ட்ரரி திறன் கொண்ட செர்பீரியர் என்ற போகிமான் இதை வீசினால் குறைய வேண்டியது கூடிவிடும்: இரண்டாம் அடி 260-க்கும் மூன்றாம் அடி 390-க்கும் சமம். அந்த ஒன்றைப் பார்த்துவிட்டு வீனசாருக்கும் லீஃப் ஸ்டார்ம் கற்றுத் தருபவர்கள், ஆயுதத்தின் பெருமைக்கும் அதைப் பிடித்திருக்கும் கையின் பெருமைக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

பவர் விப், வுட் ஹாமர், கிராஸி கிளைட் ஆகிய புல்வகைத் தாக்குதல்கள் உடல்வலிமையை, அதாவது அட்டாக் எண்ணைச் சார்ந்தவை. ஸ்பெஷல் அட்டாக் 100-ம் அட்டாக் 82-ம் அடிப்படையாகக் கொண்ட வீனசாருக்கு அவற்றால் பெரிய பயனில்லை. அட்டாக் மிகுந்த ரில்லபூம் வைத்திருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

கதைப் பகுதியை ஆடி முடிக்க நினைப்பவருக்கு ஜிகா டிரெய்ன் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. மருந்துச் செலவே பாதி மிச்சமாகும். அங்கே வலிமை போதாது என்று அஞ்சவும் வேண்டியதில்லை. நீரும் நிலமும் கலந்த ஸ்வாம்பர்ட்டின் மீது, தன் சொந்த வகைத் தாக்குதலை வீசுவதற்கான ஒன்றரை மடங்கும் பலவீனத்துக்கான நான்கு மடங்கும் சேர்ந்து, ஜிகா டிரெய்னின் 75 என்பது 450-க்குச் சமமாகிறது. நண்பர்களோடு மோதும் அணியில் வெயில் கொண்டுவரும் துணை ஒன்று நிச்சயம் இருந்தால் மட்டும் சோலார் பீம். அப்போதும் எஃகு, நெருப்பு வகைகளைச் சமாளிக்கப் பக்கத்தில் நிலவகைத் தாக்குதலான எர்த் பவர் வேண்டும். துணை இல்லாதவர்கள் லீஃப் ஸ்டார்மா எனர்ஜி பாலா என்பதைத் தங்கள் ஆட்டத்தைப் பார்த்து முடிவு செய்யட்டும்: அடித்துவிட்டு வீனசாரைத் திரும்ப அழைக்க மனம் வராதவர்களுக்கு எனர்ஜி பாலே போதும்.