பழுதாகும் ஹார்ட் டிஸ்க்குக்குச் செலவழிக்கலாமா?

இரண்டரை அங்குல அளவுள்ள, 2 டிபி வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்தேன். அக்காவின் திருமண வீடியோ, குடும்பப் புகைப்படங்கள், பழைய கணக்குகள், இனி எப்போதும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் அழிக்க மனம் வராத படங்கள் என்று எல்லாம் அதில்தான் இருந்தன. உத்தரவாதக் காலம் முடியும்வரை ஒரு தொல்லையும் தரவில்லை.

முதலில் வந்த கோளாறு அற்பமானது. கேபிளில் கை பட்டாலே டிரைவ் கணினியிலிருந்து மறைந்துவிடும். இந்த டிரைவ்களில் உள்ள தட்டையான மைக்ரோ-பி செருகி நாளடைவில் தளர்ந்துபோகும். புதுக் கேபிள் போட்டதும் சரியாகிவிட்டது. இதற்குச் செலவழிக்க யோசிக்கவே வேண்டாம்.

இரண்டாவதாக வந்ததுதான் உண்மையான நோய். ஒரு கோப்புறையைத் திறந்தால் கணினியே உறைந்து நிற்கும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்த்தால் மஞ்சள் எச்சரிக்கை. அதில் கவனிக்க வேண்டியவை 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகள். 05 என்பது கெட்டுப்போய் உதிரி இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டார்கள், அதாவது தரவு பதியும் சிறு துண்டுகள். சி5 என்பது படிக்க முடியாமல், முடிவு தெரியாமல் காத்திருப்பவை. சி6 திருத்தவே முடியாதவை. மென்பொருள் எண்களைப் பதினாறின் அடிமானத்தில் காட்டுகிறது. 18 என்று தெரிந்தால் உண்மையில் 24. எண் ஓரிடத்தில் நின்றுவிட்டால் சில காலம் ஓட்டலாம். என்னுடையது வாரத்துக்கு வாரம் ஏறியது.

இந்த நிலையில் பலரும் விண்டோஸில் உள்ள, டிஸ்க்கைச் சோதித்துத் திருத்தும் செக்டிஸ்க்கை ஓட்டச் சொல்வார்கள். கூடாது. அது திருத்துகிறேன் என்று டிரைவில் எழுதத் தொடங்கிவிடும். நான் லினக்ஸில், பழுதான டிரைவிலிருந்து தரவை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளை ஓட்டினேன். கெட்ட பகுதியோடு மல்லுக்கட்டாமல் தாண்டிச் சென்று, நல்லதையெல்லாம் முதலில் எடுத்துக்கொண்டு, விட்ட இடங்களைக் குறித்துவைத்துப் பிறகு திரும்பி வரும். இரவு முழுவதும் ஓடியது. சில படங்களும் கொஞ்சம் புகைப்படங்களும் போயின. திருமண வீடியோ முழுதாக வந்தது.

அதன் பிறகுதான் சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். "ஹெட்டை மாற்றிவிட்டால் புதிதுபோல ஓடும் சார்" என்றார் கடைக்காரர். மேசைமேல் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. தரவைப் படிக்கும் முனையான ஹெட்டுக்கும், தரவு பதிந்திருக்கும் சுழல் தட்டுக்கும் இடைவெளி சில நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனோ பல்லாயிரம் நானோமீட்டர். தூசியற்ற அறையில்லாமல் அதைத் திறப்பது வேலைக்கு ஆகாது. அப்படி முறையாக மாற்றுகிற ஆய்வகங்களும் தரவை ஒருமுறை வெளியே எடுப்பதற்காகத்தான் மாற்றுகின்றன, டிரைவை மறுபடி ஓட்டுவதற்காக அல்ல. அதற்கான கட்டணம் புது டிரைவின் விலையைப் போலப் பல மடங்கு. வேறெங்கும் நகல் இல்லாத தரவு என்றால் மட்டும் அந்தப் பக்கம் போகலாம். 'டக் டக்' சத்தம் கேட்டால் உடனே இணைப்பைப் பிடுங்கிவிட்டு ஆய்வகத்துக்குப் போக வேண்டும்.

அதே மாடல் சர்க்யூட் போர்டை வாங்கி மாட்டும் யோசனையையும் விட்டுவிட்டேன். ஒவ்வொரு டிரைவுக்கும் உரிய அளவீடுகள் அதன் போர்டிலுள்ள சிப்பில் இருப்பதால், அந்தச் சிப்பையும் மாற்றாமல் பெரும்பாலும் பயன் இராது. உள்ளே இருக்கும் டிஸ்க்கைக் கழற்றி வேறு உறையில் போடவும் வழியில்லை. என்னுடையதில் யுஎஸ்பி துளை போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தது.

தரவு கைக்கு வந்துவிட்டதால் துணிந்து முழு ஃபார்மட் செய்து பார்த்தேன். சி5 பூஜ்யமானது, 05 ஏறியது. பழைய டிரைவ் வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: சி5 எண்ணை ஒரு ஃபார்மட்டில் மறைத்துவிடலாம். சில வாரங்களில் சி5 மீண்டும் தலைகாட்டியது. பழுதுக்கு ஒதுக்கிய பணத்தோடு கொஞ்சம் சேர்த்து இரண்டு புது டிரைவ் வாங்கினேன். ஒன்று என்னிடம், மற்றொன்று திருச்சியில் அக்கா வீட்டில்.

பழையதைக் குப்பையில் போடும் முன் தட்டை உடைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று: இந்த அளவு டிரைவ்களில் தட்டு பெரும்பாலும் கண்ணாடியால் ஆனது. துணியில் சுற்றிவிட்டு அடியுங்கள், சிதறும்.